வரதனை வீட்டுக்குக் கூட்டி வந்த நாள்

உறைதுயில் இல்லத்தில் ஆட்களைத் திருப்பிக் கொடுப்பது வியாழக்கிழமைகளில் மட்டும். காலை ஏழு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். வருகிறவர்கள் ஒரு மாற்றுடை, ஒரு போர்வை, ஒரு குடுவை வெந்நீர் கொண்டு வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகை சொல்லும். எழுபது வயது மகன் முப்பது வயது அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துப் போவான். தலை நரைத்த மனைவி, கல்யாணப் படத்தில் இருந்த அதே முகத்தோடு வெளியே வரும் கணவனைப் பார்த்துவிட்டு, முந்தானையால் தன் முகத்தை மூடிக்கொள்வாள். இதை யாரும் நின்று வேடிக்கை பார்ப்பதில்லை. தன் எண்ணை எப்போது கூப்பிடுவார்கள் என்பதுதான் ஒவ்வொருவருக்கும் கவலை.

தையல்நாயகியின் எண் பதினேழு. வயது ஐம்பத்தாறு. அவள் கூட்டிப்போக வந்திருந்தது தன்னைவிட நான்கு வயது மூத்த அண்ணனை. அவனுக்கு இன்னும் இருபத்தைந்துதான்.

செம்புலம், பூமியை விட்டுப் போனவர்கள் வேறொரு கோளில் கண்ணாடிக் குவிமாடங்களுக்குக் கீழே கட்டிக்கொண்ட நாடு. கட்டி முடித்த பிறகு நாற்பது வருடம் ஒற்றுமையாக இருந்தார்கள். நம்மவர்களுக்கு அதுவே அதிகம். பிறகு பனிச்சுரங்கம் யாருக்கு என்ற சண்டையில் மேலைச் செம்புலம், கீழைச் செம்புலம் என்று நாடு இரண்டானது. நடுவில் ஒரு கோடு கிழித்து, கோட்டின் இருபுறமும் பெற்ற பிள்ளைகளின் கையில் ஆயுதத்தைக் கொடுத்து நிறுத்தினார்கள். பிடிபடும் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று கீழையார் கண்டுபிடித்ததுதான் உறைதுயில். உடம்பைக் குளிர வைத்து, இதயத்தை மணிக்கு நான்கு துடிப்புக்கு இறக்கி, ஆளை அடுக்கில் வைத்துவிடுவார்கள். கைதி சாப்பாடு கேட்க மாட்டான், அவனுக்கு வயதும் ஏறாது. இது காட்டுமிராண்டித்தனம் என்று மேலையார் கண்டித்தார்கள். கண்டித்துவிட்டு, மறுவருடமே தாங்களும் அதேபோல் ஓர் இல்லம் கட்டினார்கள்.

எல்லை போய் நாடு மறுபடி ஒன்றாகிப் பதினொரு வருடம் ஆகிறது. பன்னிரண்டாயிரம் பேரை ஒரேயடியாக எழுப்பிவிட முடியாது. வாரத்துக்கு இருபது பேர்தான் முடியும். அந்தப் பதினொரு வருடமும் தையல்நாயகி காத்திருந்தாள். எல்லை நீங்கிய அன்று தெருவில் நின்று அவள் அழுத அழுகையைப் படம் பிடித்து, ஒற்றுமை நாள் மலரில் அட்டைப்படமாகவே போட்டிருந்தார்கள். ஒவ்வோர் ஒற்றுமை நாளுக்கும் குடியிருப்பில் இனிப்பு கொடுப்பது அவள்தான்.

"பதினேழு."

வரதனைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பிறந்தபோது வைத்த பெயர் கலியுகவரதன். அந்த நீளத்துக்கு அவனைக் கூப்பிட்டது பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர்தான். உதடு வெளுத்திருந்தது. நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நெஞ்சுமானி ஒட்டியிருந்தது. அதில் பச்சை விளக்கு எரிந்தது. அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அம்மா?" என்றான்.

"இல்லண்ணே. தையலு."

அவன் முன்னால் சாய்ந்து அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மூக்குதான் மாறல," என்றான். தையல்நாயகி கொண்டுவந்த போர்வையை விரித்து அவன் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

மருத்துவர் அவளைத் தனியே அழைத்துச் சொன்னார்: "ரெண்டு விஷயம்மா. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள இவரை வெப்பக்கட்டில்ல படுக்க வெச்சிடணும். அதுவரைக்கும்தான் இந்த மானி இதயத்தைத் தாங்கும். ஒன்பது ராத்திரி கட்டில்ல படுத்தா, அப்புறம் அது தானா ஓடப் பழகிடும். கட்டில் வந்துடுச்சில்ல?"

"நேத்தே வந்து மாட்டிட்டாங்க டாக்டர். என் அறையிலதான்."

"நல்லது. இன்னொண்ணு, பயம் ஆகாது. பச்சை இருக்கிற வரைக்கும் கவலையில்ல. மஞ்சள்னா பேச்சை மாத்துங்க. சிவப்பு வந்தா எங்க கையில ஒண்ணும் இல்ல. எல்லைக் காவல்ல இருந்தவங்க ஆறு பேரு, போன வருஷம் வீட்டுக்குப் போற வழியிலயே போயிட்டாங்க. பழைய எல்லை இருந்த இடத்துல."

"அங்கதான் இப்ப ஒண்ணுமே இல்லியே."

"நமக்கு இல்லம்மா. அவங்க நேத்து அங்க நின்னவங்க."

வழி நெடுக அவளுக்கு இதே நினைப்பு. நானூற்றைம்பது கிலோமீட்டர், கண்ணாடிக் கூரை போட்ட நெடுஞ்சாலை, தானூர்தியில் ஏழரை மணி நேரம். எல்லை இருந்த இடம் முந்நூறாவது கிலோமீட்டரில் வரும். அந்த இடத்தில் ஊர்தி தானாகவே 'ஒன்றுபட்ட செம்புலம் உங்களை வாழ்த்துகிறது' என்று அறிவிக்கும். அந்தக் குரலை முந்தின நாளே அணைத்து வைத்திருந்தாள். வரதன் பக்கத்துச் சன்னலை மங்கலாக்கினாள். அந்த நேரத்துக்கு அவனைத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பது அவளுடைய திட்டம். முப்பத்தைந்து வருடம் தூங்கியவனை இன்னும் ஒரு மணி நேரம் தூங்கச் சொல்லி எப்படிக் கேட்பது என்பதை அவள் யோசிக்கவில்லை.

"அம்மா எப்ப போனாங்க?" என்று அவன் கேட்டபோது ஊர்தி நூறாவது கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது.

"பன்னெண்டு வருஷமாச்சுண்ணே. எல்லை போறதுக்கு ஒரு வருஷம் முன்னாடி."

"நான் ஏன் கோட்டைத் தாண்டினேன்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும். தண்ணி கேனுக்காகன்னு தெரியும். 'கேன் போனா போகுதுன்னு விட்டிருக்கக் கூடாதா'ன்னு சொல்லிச் சொல்லி அழுவாங்க."

விஷயம் அவ்வளவுதான். காவல் சாவடியில் வரதன் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் கேன் சரிவில் உருண்டு கோட்டுக்கு அந்தப் பக்கம் போயிற்று. அவன் நான்கு எட்டு வைத்துப் போய் எடுத்தான். திரும்பி நான்கு எட்டு வைக்கக் கீழையார் விடவில்லை. ஓர் எட்டுக்கு ஒன்பது வருடம் என்று வைத்தாலும் தண்டனை சரியாக வரவில்லை. கோடு போட்டவர்கள் இதையெல்லாம் வகுத்துப் பார்ப்பதில்லை.

மின்னேற்று நிலையத்தில் ஓர் அம்மாள் தையல்நாயகியிடம், "பையன் என்னங்க இப்படி வெளுத்துக் கிடக்கான்? காய்கறி குடுங்க," என்றாள். வரதன் அன்றைக்கு முதன்முறையாகச் சிரித்தான். மானி பச்சையிலேயே இருந்தது. இப்படியே ஓட்டிவிடலாம் போலிருக்கிறதே என்று தையல்நாயகிக்குத் தெம்பு வந்தது.

அவன் தூங்கவில்லை. தன் பக்கத்துச் சன்னல் மங்கியிருந்ததால் முன்கண்ணாடி வழியாகச் சாலையையே பார்த்துக்கொண்டு வந்தான். தூரத்தில் வரிசையாக மூன்று பாறைகள் தெரிந்ததும் அவன் முதுகு நிமிர்ந்தது.

"வண்டிய நிறுத்து."

"அண்ணே, இங்க ஒண்ணும் இல்லண்ணே. கொஞ்சம் தூரம் போனா நல்ல சாப்பாட்டுக் கடை..."

"மூணு பாறை தையலு. பதினாலு மாசம் இதைப் பார்த்துக்கிட்டு நின்னிருக்கேன். நிறுத்து."

மானியில் மஞ்சள் எரிந்தது. நிறுத்தினாலும் ஆபத்து, நிறுத்தாவிட்டாலும் ஆபத்து என்ற நிலையில் மனிதர்கள் கடைசியில் பக்கத்தில் இருப்பவர் கேட்டதைத்தான் செய்கிறார்கள். அவளும் அதைத்தான் செய்தாள்.

பழைய காவல் சாவடி இப்போது தேநீர்க்கடை. சுடும் துளைகளுக்கெல்லாம் சன்னல் வைத்து நீலச் சாயம் அடித்திருந்தார்கள். கடைக்காரர் கீழைப் பக்கத்து ஆள், பெயர் செல்லையா. அவருடைய பேச்சின் இழுப்பிலேயே அது தெரிந்தது. வரதன் போர்வையைப் போர்த்திக்கொண்டு இறங்கினான். தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தான். இங்கும் அங்கும் குனிந்தான். தேடுகிற பொருள் கிடைக்காதவன் போலத் தலையைச் சொறிந்தான்.

"அய்யா, இங்க ஒரு கோடு இருந்துதே?"

"இருந்துச்சுன்னு சொல்வாங்க தம்பி," என்றார் செல்லையா. "சரியா எந்த இடம்னு எனக்குத் தெரியாது. பாய்லருக்கு இந்தாண்டைன்னு சிலபேர் சொல்வாங்க, அந்தாண்டைன்னு சிலபேர். வேணும்னா நீங்களே ஒரு இடத்தைச் சொல்லுங்க, வர்றவங்களுக்கு இனிமே அதையே காட்டிடுறேன்."

வரதன் பாறைகளைப் பார்த்தான். கையை நீட்டிக் கணக்குப் பார்த்தான். பிறகு பாய்லரிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்று, ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணி எட்டு வைத்தான். நின்றான். திரும்பினான். மறுபடி நான்கு எட்டு. யாரும் சுடவில்லை. அந்தப் பக்கமிருந்து ஒரு பெண் குழந்தை மிட்டாயைச் சப்பிக்கொண்டே அவனைக் கடந்து, கோடு இருந்த இடத்தின் மேலேயே நடந்து தன் அப்பாவிடம் போனது. வரதன் அங்கேயே உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

தையல்நாயகி ஓடிப்போய் மானியைப் பார்த்தாள். மஞ்சள் மறைந்து பச்சை எரிந்தது. அவளும் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழுதாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு நிம்மதியாக அவள் அழுததில்லை.

செல்லையா இரண்டு தேநீர் கொண்டு வந்து வைத்தார். வரதன் ஒரே மூச்சில் குடித்தான். தையல்நாயகி பையிலிருந்து தன் சொந்தத் தம்ளரையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த குடுவையையும் எடுத்தாள்.

"உனக்கு டீ வேணாமா?"

"அந்தப் பக்கத்துத் தண்ணி எனக்கு ஒத்துக்காதுண்ணே."

"அந்தப் பக்கம்னா?" என்றான் வரதன், நிஜமாகவே புரியாமல்.

"பழக்கத்துல வந்துடுச்சு. நீ குடி."

மிச்ச வழியெல்லாம் அவளுக்குக் கவலையே இல்லை. பெரிய கண்டம் தாண்டியாயிற்று. சன்னலைத் தெளிவாக்கி, ஊர்தியின் குரலையும் திறந்துவிட்டாள். நாடு எப்படி ஒன்றானது, யார் யார் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள், தான் எங்கே நின்று அழுதாள் என்பதையெல்லாம் அவனுக்கு விலாவாரியாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

அவள் இருப்பது ஒற்றுமை நகர். நாடு ஒன்றான மறுவருடம், அந்த மகிழ்ச்சியில் பெயர் வைத்துக் கட்டிய பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. ஊர்தி அதன் முன்வாசலுக்கு வந்தபோது மணி நாலே முக்கால்.

"நில். எந்தப் பக்கம்?"

குரல் வாயிற்காவலியினுடையது. எல்லை போன பிறகு, அங்கே நின்றிருந்த காவல் இயந்திரங்களை அரசாங்கம் விற்றது. வீட்டு வாசல்களுக்கு ஆகும் என்று குடியிருப்புச் சங்கங்கள் வாங்கிப் போட்டன. வெள்ளைச் சாயம் அடித்து, நெற்றியில் 'நல்வரவு' என்று எழுதியாயிற்று. குரலை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. வரதன் இரண்டு கைகளையும் மெல்லத் தலைக்கு மேலே தூக்கினான்.

"கையைக் கீழ போடுண்ணே. இது நம்ம வீட்டு வாசல்," என்றாள் தையல்நாயகி. மானியில் மஞ்சள் எரிந்தது.

காவலி அவன் மணிக்கட்டுச் சில்லைப் படித்தது. "கலியுகவரதன். கீழைப் பகுதியில் வசித்த காலம் முப்பத்தைந்து ஆண்டு. குடியிருப்பு விதி ஒன்பது: கீழைப் பகுதியில் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல் வசித்தவர், மாலை ஆறு மணிக்கு மேல் விருந்தினராகத் தங்க இயலாது."

தையல்நாயகிக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மூன்று வருடத்துக்கு முன்பு, குடியிருப்பின் பாதுகாப்பு பற்றிய கூட்டத்தில் அந்த விதியை எழுதி வாசித்தவள் அவள்தான். யார் மீதும் அவளுக்குப் பகை கிடையாது. எல்லை போனது நல்லதுதான், அதற்காக யார் யாரோ வந்து போக முடியுமா என்பதுதான் அவள் கேள்வி. எதிர்த்து ஒரு கைகூட உயரவில்லை. எழுதியபோது அவள் மனத்தில் இருந்தது வேறு யாரோ. வரதன் நம் ஆள். நம் ஆளை விதி தொடும் என்று எந்த விதியை எழுதுகிறவருக்கும் தோன்றுவதில்லை.

சங்கத் தலைவர் சபாநாயகத்தைச் செவிப்பொறியில் அழைத்தாள்.

"நாயகியம்மா, விதி நீங்க எழுதினது," என்றார் அவர், மரியாதையாகவே. "விலக்கு குடுத்தா அது விதியேயில்லன்னு கூட்டத்துல மேசையைத் தட்டினதும் நீங்கதான். இன்னிக்கு உங்களுக்குத் தளர்த்தினா, நாளைக்கு ஆளாளுக்கு ஒரு அண்ணனைக் கூட்டிட்டு வந்து நிப்பாங்க."

"சார், அவன் தூங்கிட்டு இருந்தான். முப்பத்தஞ்சு வருஷமும் கண்ணையே திறக்கல சார்."

"புரியுதும்மா. ஆனா எங்க தூங்கினார்?"

அவள் கெஞ்சினாள். கட்டிலைச் சொன்னாள், இதயத்தைச் சொன்னாள், ஆறு மணியைச் சொன்னாள். சபாநாயகம் நல்ல மனிதர்; உச்சுக்கொட்டினார். எழுத்து மூலம் மனு கொடுத்தால் அடுத்த மாதக் கூட்டத்தில் முதல் பொருளாகவே வைத்துவிடலாம் என்றார். மணி ஐந்து இருபது ஆகியிருந்தது. மானியின் மஞ்சளில் லேசாகச் செம்மை கலந்திருந்தது.

"ஒரு வழி இருக்கு," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "பின்வாசல். வேலைக்கு இருக்கிறவங்களுக்கு ராத்தங்கல் உண்டு, பக்கம் பார்க்கிறதில்ல. உங்க வீட்டுச் சமையல்காரம்மாவே கீழைதானே? அப்படிப் பதிஞ்சுக்குங்க. நான் கண்டுக்கல. ஆனா நீங்களும் வெளியில சொல்லிடாதீங்க. தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பச் சொல்வாங்க."

பின்வாசலில் படிவத்தை அவளே நிரப்பினாள். பெயர். பக்கம்: கீழை. பணி: வீட்டு வேலை. காலம்: நிரந்தரம். உறவு என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

"பேருக்குத்தான்ணே," என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

"பதி, பரவால்ல. எங்க சாவடியிலயும் உண்மையச் சொன்னவங்கதான் மாட்டுவாங்க," என்றான் வரதன்.

உள்ளே இரண்டு மின்தூக்கிகள் இருந்தன. இடப்பக்கம் இருந்தது பணியாளருக்கு. தகரத் தரை, விளக்கு ஒன்று. காவலியின் தம்பி போன்ற ஒரு சிறிய இயந்திரம் வரதனை அதற்குள் ஏற்றியது. தையல்நாயகி வெளியிலேயே நின்றாள்.

"நீ வரலியா?"

"உரிமையாளருங்க இதுல ஏறக் கூடாதுண்ணே. நான் அந்தப் பக்கமா வந்துடுறேன். நாலாவது மாடி. கதவு திறந்ததும் அங்கயே நில்லு."

"யாரு சொன்னது ஏறக் கூடாதுன்னு?"

"சங்கத்துல."

"சங்கம்னா யாரு?"

"நாங்கதான்," என்றாள்.

வரதன் தகரத் தரையையும், வாசற்படியில் கிழித்திருந்த மஞ்சள் கோட்டையும், கோட்டுக்கு அப்பால் நின்ற தங்கையையும் பார்த்தான். பதினாலு மாதம் எல்லையில் நின்றவன் பார்க்கிற பார்வை அது. அதில் கோபம் ஏதும் இல்லை.

"அப்போ எல்லையை எடுத்துடல தையலு. ஆளுக்குக் கொஞ்சமா பிச்சுக் குடுத்திருக்காங்க," என்றான். கதவு மூடிக்கொண்டது.

தையல்நாயகி மறுபக்கம் ஓடி உரிமையாளர் மின்தூக்கியில் ஏறினாள். மூன்றாம் மாடிப் புனிதவதியும் ஏறினாள், கையில் பூக்கூடையோடு. இரண்டு தூக்கிகளும் ஒரே கூட்டில்தான் மேலே போகின்றன. நடுவில் ஒரு தகடு மட்டும். அதன் அந்தப் பக்கத்தில் வரதன் இருமுவது கேட்டது.

"புது ஆளா?" என்றாள் புனிதவதி. "பின்வாசல்ல பார்த்தேன். சாதுவான பையனா தெரியறான். உங்க வேலை முடிஞ்சதும் எங்க வீட்டுக்கும் ஒரு மணி நேரம் அனுப்புவீங்களா?"

அவன் யார் என்று தையல்நாயகி வாய் திறந்தால், அன்று இரவே அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள். முப்பத்தைந்து வருடமாகக் கேட்டவரிடமெல்லாம் அண்ணன், அண்ணன் என்று சொல்லி அழுதவள் அவள். மூன்றாம் மாடியில் கதவு திறந்தது. புனிதவதி இறங்கி, பதிலுக்காக நின்றாள்.

"கேட்டுச் சொல்றேன்," என்றாள் தையல்நாயகி.